எதிர்த்திசையில் ஓடும் ஃபீபி

சனிக்கிரகத்தின் நிலவு என்றதும் எல்லோரும் டைட்டனைத்தான் சொல்வார்கள். எனக்குப் பிடித்தது ஃபீபி. 1899இல் பிக்கரிங் என்ற வானியலாளர் கண்டுபிடித்தார், அதுவும் பெரு நாட்டில் எடுத்த ஒளிப்படத் தகடுகளைப் பார்த்து. குறுக்களவு சுமார் 213 கிலோமீற்றர். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு நேர்கோடு போட்டால் வருகிற தூரத்தைவிடக் கொஞ்சம் குறைவு, அவ்வளவுதான்!

சனியிலிருந்து ஏறக்குறைய 1 கோடி 30 இலட்சம் கிலோமீற்றர் தள்ளி, ஒரு சுற்றுக்கு 550 நாள் எடுக்கிறது. அதுவும் பெரிய நிலவுகள் சுற்றும் திசைக்கு நேர் எதிராக. நேற்றிரவு கல்லடிக் கடற்கரையில் சனியைக் காட்டி இதைச் சொன்னபோது அக்காவின் மகள் உடனே பிடித்துக்கொண்டாள்: "அப்ப அது அங்க பிறந்ததில்லையா மாமா?"

அதேதான். சனியோடு கூடவே பிறந்திருந்தால் பெரிய நிலவுகள் போகும் திசையிலேயே இதுவும் சுற்றியிருக்கும். நெப்டியூனுக்கும் அப்பால், குளிர் உறைந்த இடத்தில் உருவாகி, வழியில் சனியிடம் அகப்பட்டது என்பதே பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. 2004 ஜூன் 11இல் கசினி விண்கலம் சுமார் 2,070 கிலோமீற்றர் தூரத்தில் கடந்துபோனது. கரிபோல இருண்ட தரை. ஆனால் பள்ளங்களின் சரிவில் மேல்மண் வழுக்கி விழுந்த இடமெல்லாம் வெள்ளைப் பனிக்கட்டி தெரிகிறது. அந்தப் படங்களை இன்றைக்கும் எடுத்துப் பார்ப்பேன்.

அப்புறம் 2009இல் இன்னொன்று தெரியவந்தது. ஃபீபியில் மோதல்களால் கிளம்பும் தூசு சனியைச் சுற்றிப் பிரமாண்டமான, கண்ணுக்குத் தெரியாத வளையமாகக் கிடக்கிறது. அந்தத் தூசு உள்ளே நகர்ந்து போய்ப் படிந்துதான் சனியின் இன்னொரு நிலவான இயபெட்டஸின் ஒரு பக்கம் கறுத்திருக்கிறது.

கிட்டப் போனது கசினி மட்டுமே, அதுவும் ஒரே தடவை. இன்னொரு கலம் கட்டாயம் போகவேண்டும்.