வெளித்திரையில் வெளுத்துப்போன செந்தூரா

மே 9, 2025, கிருஷ்ணகிரி

சந்தூர்ப் பக்கத்திலுள்ள நாற்றுப்பண்ணை ஒன்றுக்காக, ஆடி மாத விற்பனைக்குரிய மாங்கன்றுப் பட்டியலை வடிவமைத்துக்கொண்டிருக்கிறேன். பெங்களூரா, செந்தூரா, அல்போன்சா, மல்கோவா, நீலம், பங்கனப்பள்ளி என ஒவ்வொரு இரகத்துக்கும் ஒரு பக்கம் உண்டு. பழத்தின் படம் பெரிதாகவும், ஒட்டுக்கன்றின் படம் சிறிதாகவும் வரவேண்டும். கன்று வாங்க வருபவர்களில் பலர் எழுத்தைப் படிப்பதற்கு முன்பே படத்தைப் பார்த்து இரகத்தைத் தீர்மானித்துவிடுவதால், இந்த வேலையில் நிறம் என்பது அலங்காரம் அன்று, அதுவே செய்தி.

மடிக்கணினியுடன் இணைத்திருக்கும் 24 அங்குல வெளித்திரையில் அந்தச் செய்தி பிழையாக வருகிறது. செந்தூராவின் காம்புப் பக்கத்தில் படரும் சிவப்பு செங்கல் நிறமாகத் தெரிகிறது. கறுப்புப் பின்னணி சாம்பலாகத் தெரிகிறது. படம் முழுவதன் மேலும் பாலாடை படிந்தாற்போல ஒரு மங்கல் இருக்கிறது. அதே கோப்பை மடிக்கணினியின் சொந்தத் திரையில் பார்த்தால் வேறொரு சாயல். பண்ணைக்காரர் தம் கைப்பேசியில் பார்த்துவிட்டு, "ஏம்மா, இது ரொம்பப் பளபளன்னு இருக்குதே" என்கிறார். மூன்று திரைகள் மூன்று விதமாகச் சொல்லும்போது, பெரும்பான்மை பார்த்து முடிவெடுக்க முடியாது.

மடிக்கணினித் திரையையும் நான் அளவுகோலாகக் கொள்ளப்போவதில்லை. அதன் விவரக்குறிப்பில் 45 சதவீதம் என்.டி.எஸ்.சி. என்று போட்டிருக்கிறது; ஒரு திரை எவ்வளவு நிறங்களைக் காட்டும் என்பதை ஒரு பழைய தொலைக்காட்சித் தரத்துடன் ஒப்பிட்டுச் சொல்லும் எண் அது. எஸ்.ஆர்.ஜி.பி. என்னும் பொது நிறவெளியை முழுமையாகக் காட்டும் திரைகளுக்கு இந்த எண் ஏறத்தாழ 72 ஆக இருக்கும். எனவே அடர்ந்த சிவப்பையும் பச்சையையும் காட்டும் வலிமையே அந்தத் திரைக்கு இல்லை. வெளித்திரையோ பக்கவாட்டில் பார்த்தாலும் நிறம் அதிகம் மாறாத ஐ.பி.எஸ். வகை, விவரக்குறிப்பின்படி எஸ்.ஆர்.ஜி.பி.யைக் கிட்டத்தட்ட முழுவதும் காட்ட வேண்டியது. நல்ல திரை ஏன் மோசமாகக் காட்டுகிறது என்பதே கேள்வி.

மே 10

கேபிளை மாற்று, திரையை மாற்று என்று சொல்ல ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். பணம் செலவழிக்காமல் பார்க்கக்கூடியவற்றை முதலில் பார்ப்பது என்று வைத்துக்கொண்டேன்.

இரவில் திரையை மஞ்சளாக்கும் விண்டோஸின் நைட் லைட் அணைந்தே இருந்தது. ஒளிக்கும் இருளுக்கும் இடையிலான வேறுபாட்டைக் கூட்டிக் காட்டும் எச்.டி.ஆர். வசதியும் அணைந்திருந்தது, போதிய ஒளிர்வில்லாத திரைகளில் அது இயங்கினால் சாதாரணப் படங்கள் வெளிறித் தெரிவது வழக்கம் என்பதால், இப்படியொரு குறை காண்பவர்கள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். மானிட்டரின் மெனுவில் கண் பாதுகாப்பு நிலையையும், காட்சிக்கேற்பத் தானாக மாறும் கான்ட்ராஸ்ட்டையும் நிறுத்தினேன். மங்கல் அப்படியே இருந்தது.

அதன்பின் திரைப்பிடிப்பு ஒன்றை எடுத்துத் தங்கையின் கணினிக்கு அனுப்பிப் பார்க்கச் சொன்னேன். அங்கே அது தெளிவாகவே தெரிந்தது. திரைப்பிடிப்பு என்பது கணினியின் நினைவகத்தில் உள்ள படத்தின் நகல் மட்டுமே. வெளியே அனுப்பும் வழியில் நேரும் மாற்றம் அதில் பதியாது. ஆகவே கோப்பிலும் வடிவமைப்பு மென்பொருளிலும் குறையில்லை, அதற்குப் பின்னால்தான் ஏதோ நடக்கிறது.

இன்றைய நாளில் மிகவும் பயன்பட்ட சோதனை, மானிட்டரின் மெனுவையே உற்றுப் பார்த்ததுதான். அந்த மெனுவை மானிட்டர் தானே வரைகிறது. அது கேபிள் வழியாக வருவதில்லை. மெனுவின் கறுப்புப் பட்டை ஆழ்ந்த கறுப்பாக இருந்தது. அதன் அருகிலேயே என் படத்தின் கறுப்பு சாம்பலாக இருந்தது. ஒரே கண்ணாடி, ஒரே விளக்கு, இரண்டு கறுப்புகள். திரைப்பலகம் நன்றாக இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. வெளிறிய திரையைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போகுமுன் யாரும் இதைச் செய்து பார்க்கலாம்.

மே 11

பழத்தின் படத்தை வைத்துத் திரையைச் சோதிக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். சிவப்பு சரியா என்று மனம் நினைவிலிருந்து தேடத் தொடங்கினால் அதற்கு முடிவே இல்லை. சாம்பல் நிறத்துக்கு அந்தத் தொல்லை இல்லை.

ஆகையால் ஒரு சோதனைப் படம் செய்தேன். கணினிக் கோப்பில் ஒளியின் அளவு 0 முதல் 255 வரையுள்ள எண்ணாக இருக்கும். இடப்பக்கம் 0, 4, 8, 12, 16, 20 என்னும் மதிப்புகளில் இருண்ட பட்டைகள். வலப்பக்கம் 235 முதல் 255 வரை வெளிர்ந்த பட்டைகள். எல்லாப் பட்டைகளும் தனித்தனியே தெரிந்தன. ஆனால் 0 என்ற பட்டை கறுப்பாக இல்லை, 255 என்ற பட்டை முழு வெண்மையாக இல்லை. இந்த இரண்டும் சேர்ந்து வந்தால் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: கணினி குறுகிய வீச்சில் அனுப்புகிறது, திரை முழு வீச்சை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது.

இதற்குப் பின்னால் தொலைக்காட்சியின் வரலாறு இருக்கிறது. தொலைக்காட்சிச் சமிக்ஞையில் கறுப்புக்கு 16, வெள்ளைக்கு 235 என்று வைத்து, இரு ஓரங்களிலும் இடம் விடுவது மரபு. கணினியில் கறுப்பு 0, வெள்ளை 255. எச்.டி.எம்.ஐ. இணைப்பு இந்த இரண்டு உலகங்களுக்கும் பொதுவானது. அது பின்பற்றும் சி.டி.ஏ. 861 தரநிலையில், 1920 x 1080 போன்ற தொலைக்காட்சி அளவுகளுக்குக் குறுகிய வீச்சே இயல்பு நிலை. கணினிக்கே உரிய அளவுகளுக்கு முழு வீச்சு. என் திரை 1920 x 1080 என்பதால், மறுமுனையில் இருப்பது தொலைக்காட்சி என்று கருதிக் கணினி 16 முதல் 235 வரை மட்டும் அனுப்பியிருக்கிறது. திரையோ 16ஐக் கறுப்பாக எடுத்துக்கொள்ளாமல் அடர்சாம்பலாகவே காட்டியிருக்கிறது.

செந்தூராவின் சிவப்பை இந்தக் கணக்கில் போட்டுப் பார்த்தேன். கோப்பில் அந்த இடத்தில் சிவப்பு 200, பச்சை 40, நீலம் 30. குறுகிய வீச்சுக்குச் சுருக்கினால் அது 188, 50, 42 ஆகிறது. சிவப்பு குறைகிறது, மற்ற இரண்டும் ஏறுகின்றன. நிறத்தின் செறிவு இரு பக்கமும் கரைகிறது. செங்கல் நிறம் வந்த வழி இதுதான்.

இதற்கு நேர்மாறான பொருத்தமின்மையும் உண்டு. கணினி முழு வீச்சில் அனுப்ப, திரை குறுகிய வீச்சாக எடுத்துக்கொண்டால் 0 முதல் 16 வரையுள்ள பட்டைகள் ஒரே கறுப்பாக ஒட்டிக்கொள்ளும். 235க்கு மேற்பட்டவை ஒரே வெள்ளையாகிவிடும். பார்வைக்குப் படம் எடுப்பாக இருக்கும் என்பதால் பலர் அதைக் குறை என்றே உணர்வதில்லை. மரநிழலில் எடுத்த படங்களில் இலைகளின் இடையே உள்ள விவரங்கள் காணாமல் போவதைக் கொண்டு அதை அடையாளம் காணலாம்.

மே 12

பராமரிப்புக்காக நாள் முழுவதும் மின்தடை. திரை வேலை ஒன்றும் நடக்கவில்லை.

மே 13

மடிக்கணினியின் கிராபிக்ஸ் மென்பொருளைத் திறந்து, வெளித்திரைக்குரிய பக்கத்தில் குவாண்டைசேஷன் ரேஞ்ச் என்னும் இடத்தில் லிமிடெட் என்றிருந்ததை ஃபுல் என்று மாற்றினேன். திரை ஒரு கணம் இருண்டு மீண்டது. மெனுவின் கறுப்பும் படத்தின் கறுப்பும் ஒன்றாகிவிட்டன. செந்தூரா செந்தூராவாகத் தெரிந்தது.

இந்த அமைப்பு எல்லாக் கணினிகளிலும் ஒரே பெயரில் இருக்காது. என்விடியா கிராபிக்ஸ் உள்ளவற்றில் அவுட்புட் டைனமிக் ரேஞ்ச் என்றிருக்கும், ஏ.எம்.டி.யில் பிக்ஸல் ஃபார்மட் என்ற பட்டியலுக்குள் ஆர்.ஜி.பி. ஃபுல், ஆர்.ஜி.பி. லிமிடெட் எனத் தனித்தனியாக இருக்கும். சில மானிட்டர்களின் மெனுவிலும் இதே தேர்வு உண்டு. எந்த முனையில் மாற்றினாலும், இரண்டு முனைகளும் ஒரே வீச்சைப் பேச வேண்டும் என்பதே முக்கியம். மானிட்டரில் பிரைட்னஸையும் கான்ட்ராஸ்ட்டையும் திருகி மங்கலை மறைக்கப் பார்ப்பவர்கள், பிழையை அப்படியே வைத்துக்கொண்டு அதன்மேல் இன்னொரு பிழையை ஏற்றுகிறார்கள்.

மாலையில் இன்னொன்று கண்ணில் பட்டது. அடர்பச்சைப் பட்டையின்மேல் சிவப்பில் வைத்திருந்த சிறிய விலை எழுத்துகளின் ஓரங்கள் கலங்கித் தெரிந்தன. வெள்ளை எழுத்துகளில் அந்தக் கலக்கம் இல்லை. நிற எழுத்து மட்டும் கலங்கினால் பார்க்க வேண்டிய இடம் கலர் ஃபார்மட். அங்கே ஒய்.சி.பி.சி.ஆர். 4:2:2 என்று இருந்தது. இம்முறையில் ஒளி அளவு ஒவ்வொரு புள்ளிக்கும் தனியாகவும், நிறம் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் இரண்டுக்கு ஒன்றாகவும் அனுப்பப்படுகிறது. ஓடும் காட்சியில் கண் இதைக் கண்டுகொள்ளாது. நிலையான சிறு எழுத்தில் உடனே கண்டுகொள்ளும். ஆர்.ஜி.பி. என்று மாற்றியதும் எழுத்துகள் தெளிந்தன.

4கே (3840 x 2160 புள்ளிகள்) திரை வைத்திருப்பவர்கள் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். எச்.டி.எம்.ஐ. 1.4 இணைப்பின் கொள்ளளவு நொடிக்கு 10.2 கிகாபிட், அதில் 4கே படம் முழு நிறத்துடன் 30 ஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 30 முறை மட்டுமே செல்லும். சில கருவிகள் 60 ஹெர்ட்ஸை எட்டுவதற்காக நிறத் தகவலை 4:2:0 ஆக, அதாவது நான்கு புள்ளிகளுக்கு ஒன்றாகக் குறைத்துவிடும். 18 கிகாபிட் செல்லும் எச்.டி.எம்.ஐ. 2.0 இருந்தால் அந்தச் சமரசம் தேவையில்லை. ஆனால் இடையில் மலிவான டைப் சி ஹப் (ஒரு துளையைப் பல துளைகளாக்கும் இணைப்பி) ஒன்று இருந்தால், முழுப் பாதையின் திறனும் அந்த ஹப்பின் திறன்தான்.

மே 15

மதுரை மீனாட்சியம்மன் விளக்கைப் போல மினுங்கும் முனைகள் கொண்ட, விலை கூடிய கேபிள் ஒன்றை வாங்கினால் நிறம் இன்னும் நன்றாகும் என்று கடைவீதியில் ஒருவர் சொன்னார். இதை நான் மறுத்தே எழுத வேண்டும், ஏனென்றால் பணம் இல்லாத பிள்ளைகள் இந்தப் பேச்சை நம்பிச் செலவு செய்கிறார்கள். எச்.டி.எம்.ஐ.யில் போவது எண்கள். கேபிள் கெட்டால் படம் விட்டு விட்டு வரும், புள்ளிகள் மின்னும், அல்லது திரை இருண்டுபோகும். சிவப்பு மட்டும் கொஞ்சம் மங்குவது போன்ற மென்மையான குறையைப் பொதுவாக அது தருவதில்லை.

பழைய வி.ஜி.ஏ. கேபிளின் கதை வேறு. இன்று அண்டை வீட்டுப் பையனின் திரை முழுவதும் மஞ்சளாக இருக்கிறது என்று அழைத்துப் போனார்கள். வி.ஜி.ஏ.யில் உள்ள 15 ஊசிகளில் முதலாவது சிவப்பையும், இரண்டாவது பச்சையையும், மூன்றாவது நீலத்தையும் தனித்தனி மின்னழுத்தமாகக் கொண்டுசெல்கின்றன. நீலம் அறுந்தால் வெள்ளை மஞ்சளாகும். சிவப்பு அறுந்தால் வெளிர்நீலப் பச்சையாகும். பச்சை அறுந்தால் கருஞ்சிவப்பு கலந்த ஊதாவாகும். கழற்றிப் பார்த்தபோது மூன்றாவது ஊசி வளைந்து கிடந்தது. மெல்லிய இடுக்கியால் நிமிர்த்திச் செருகியதும் வெள்ளை திரும்பி வந்தது.

மே 17

வீச்சும் வடிவமும் சரியான பின்னரே நிறத்தின் நுணுக்கத்துக்கு வரலாம். இந்த வரிசை மாறினால் உழைப்பு வீண்.

தருமபுரியில் திருமண ஆல்பம் வடிவமைக்கும் தோழி ஒருத்தி தன் கலரிமீட்டரை இரவல் தந்தாள். திரையின்மேல் தொங்கவிட்டால், அது காட்டப்படும் ஒவ்வொரு நிறத்தையும் அளந்து, இருக்க வேண்டிய நிறத்துடன் ஒப்பிடும் சிறு கருவி அது. இலவசமாகக் கிடைக்கும் ஆர்கில் சி.எம்.எஸ்., டிஸ்ப்ளேகேல் மென்பொருள்களுடன் பயன்படுத்தினேன். திரையை அரைமணி நேரம் ஓடவிட்டுச் சூடாக்கிய பிறகு, வெண்மைக்கு 6500 கெல்வின், கறுப்புக்கும் வெள்ளைக்கும் இடையே ஒளி ஏறும் விதத்தைக் குறிக்கும் காமா 2.2, ஒளிர்வு சதுர மீட்டருக்கு 120 கேண்டிலா என்று இலக்கு வைத்தேன். 1996இல் எச்.பி.யும் மைக்ரோசாஃப்ட்டும் முன்மொழிந்து, 1999இல் பன்னாட்டுத் தரநிலையான எஸ்.ஆர்.ஜி.பி.யின் வெண்மையும் இதே 6500ஐ ஒட்டியதுதான்.

என் திரையின் வெண்மை நீலம் பக்கம் சாய்ந்திருந்தது. மானிட்டர் மெனுவில் யூஸர் என்னும் நிலையைத் தேர்ந்து, நீலத்தைச் சற்றுக் குறைத்து, ஒளிர்வையும் இறக்கினேன். இத்தனை நாள் நான் மிகுந்த ஒளியில் வைத்து வேலை செய்திருப்பதால்தான் அச்சில் வரும் தாள்கள் இருண்டு தோன்றின என்பதும் விளங்கியது. பிறகு மென்பொருள் உருவாக்கித் தந்த, இந்தத் திரை நிறங்களைக் காட்டும் விதத்தை விவரிக்கும் ஐ.சி.சி. கோப்பை விண்டோஸின் கலர் மேனேஜ்மென்ட் பகுதியில் இந்தத் திரைக்கு உரியதாக இணைத்தேன். ஃபோட்டோஷாப், கோரல்டிரா போன்றவை இதைப் படித்து நிறத்தைத் திருத்திக் காட்டும்; எல்லாச் செயலிகளும் அப்படிச் செய்வதில்லை.

கருவி கிடைக்காதவர்கள் மானிட்டரில் எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிலை இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். விவிட், கேம், சினிமா என்னும் நிலைகள் எதுவும் அச்சு வேலைக்கு ஆகாது.

மேற்கு ஜன்னலுக்குத் திரைச்சீலை போட்டேன். பிற்பகல் வெயில் சுவரில் பட்டுத் தெறிக்கும் அறையில் எந்த அளவீடும் நிலைக்காது.

மே 20

கிராபிக்ஸ் இயக்கி புதுப்பிக்கப்பட்டதும் வீச்சு மீண்டும் லிமிடெட் ஆகிவிட்டது. இது அடிக்கடி நடக்கக்கூடியது. கேபிளை வேறு துளைக்கு மாற்றினாலும் நடக்கலாம். அதனால் அந்தப் பட்டைப் படத்தை டெஸ்க்டாப்பிலேயே வைத்துவிட்டேன். வேலை தொடங்குமுன் ஒருமுறை திறந்து, மெனுவின் கறுப்புடன் ஒப்பிட்டுவிடுகிறேன்.

பண்ணைக்காரர் வந்திருந்தார். கையோடு கொண்டுவந்த செந்தூரா ஒன்றைத் திரையருகே பிடித்துப் பார்த்து, "இப்போ சரியா இருக்கும்மா, இதையே போடு" என்றார். பெங்களூராவின் மூக்குப் பகுதியில் பச்சை இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று அவர் கேட்டது திரையின் குறையன்று. படம் எடுத்த பழம் அதிகம் பழுத்திருந்தது. வேறு படம் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

மே 26

சிவகாசியிலிருந்து மாதிரித் தாள் வந்தது. செந்தூராவின் சிவப்பும் இலைகளின் பச்சையும் திரையில் பார்த்ததற்கு மிக நெருக்கம். அல்போன்சாவின் ஆரஞ்சு மஞ்சள் மட்டும் தாளில் ஒரு படி அடங்கியிருக்கிறது; நான்கு மைகளால் எட்ட முடியாத செறிவு அது, திரையைத் திருத்தி அதைப் பெற முடியாது. அந்தப் பக்கத்தின் பின்னணியை இன்னும் அடர்த்தியாக்கினால் பழம் எடுப்பாகத் தெரியும் என்று அச்சகத்தார் சொன்னதை ஏற்று, அதை மட்டும் மாற்றி இன்று மாலையே கோப்பை அனுப்பிவிட்டேன்.