கட்டத்தில் போட்ட கோடு

"தண்ணி மேலேருந்து வரலை தம்பி, கெழக்கேருந்து ஏறுச்சு." அந்த அம்மா சொன்னது இவ்வளவுதான். 2019இல் கேட்டது, இன்னும் காதில் நிற்கிறது.

நாகப்பட்டினம் மாவட்டத்துத் தலைஞாயிறு பக்கம் ஒரு வடிகாலில் பழைய பாலத்தை இடித்துவிட்டுப் புதிது கட்ட வெள்ள அளவைக் கணிக்கப் போயிருந்தேன். காவிரி என்றால் மேட்டூரில் எவ்வளவு திறந்தார்கள், முசிறியில் எவ்வளவு போனது, கல்லணையில் எந்த ஆற்றுக்கு எவ்வளவு பிரிந்தது என்று கன அடியில் சொல்லிவிடலாம். வடிகாலுக்கு ஏது கணக்கு? வயலில் பெய்த மழை வழிந்து போகிற பள்ளம். அங்கே அளவுகோல் ஒன்றுகூட நட்டதில்லை.

அந்த அம்மா உள்ளே கூப்பிட்டு வாசல் நிலையைக் காட்டினார். "கஜாவுல காத்து. நிஷாவுலதான் தண்ணி" என்றபடி நிலைக்காலில் ஓரிடத்தில் கட்டைவிரலை வைத்தார். அதற்குக் கீழே மரம் கறுத்து நார்நாராகப் பிரிந்திருந்தது. மேலே பழைய நீலப் பெயிண்ட் அப்படியே இருந்தது. டேப்பை வைத்துப் பார்த்தேன். படியிலிருந்து 2 அடி 4 அங்குலம். 2008 நவம்பரில் நிஷா புயலில் வந்த வெள்ளம்.

அலுவலகத்தில் வெள்ள அளவைக் கணிக்க ரைவ்ஸ் சூத்திரம். நீர்பிடிப்புப் பரப்பின் மூன்றில் இரண்டு அடுக்கை ஒரு கெழுவால் பெருக்க வேண்டும். கடலிலிருந்து 80 கி.மீ.க்குள் என்றால் கெழு 6.8. ஆனால் பரப்பு எது? மலைப்பக்கம் முகட்டைப் பார்த்து எல்லை சொல்லலாம். இங்கே ஒரு வரப்பை வெட்டிவிட்டால் தண்ணீர் பக்கத்து வடிகாலுக்குப் போய்விடும். 12 சதுர கி.மீ. என்றும் சொல்லலாம், 18 என்றும் சொல்லலாம். முதலாவதற்கு வினாடிக்கு 36 கன மீட்டர் வரும், மற்றதற்கு 47. நாங்கள் 12ஐ எடுத்தோம். அதற்குப் பாலத்தில் தண்ணீர் போக மூன்று கண், அதாவது மூன்று திறப்பு, என்று முடிவானது.

நிலைக்கால் குறியைப் பற்றிச் சொன்னேன். "கடல் ஓதம் ஏறி நின்ன தண்ணிய வச்சு ஓட்டத்தக் கணக்குப் போட முடியுமாய்யா?" என்றார் எனக்கு மேலிருந்தவர். முடியாதுதான். நின்ற தண்ணீருக்குச் சரிவு இல்லை, சரிவு தெரியாமல் ஓட்டம் கிடைக்காது. அவர் சொன்னதில் பிழையே இல்லை.

ஆனால் அறிக்கைப் படிவத்தில் 'உள்ளூர் விசாரணையில் தெரிந்த உச்ச வெள்ளமட்டம்' என்று ஒரு கட்டம் இருந்தது. அதற்குச் சூத்திரம் எதுவும் வேண்டாம், கேட்டதை எழுதினால் போதும். அதில் எதையும் எழுதாமல் ஒரு சிறு கோடு போட்டேன். அவர் போடச் சொல்லவில்லை. எழுதினால் பாலத்தை உயர்த்தச் சொல்வார்கள், அணுகுசாலை நீளும், எஸ்டிமேட் திரும்பி வரும் என்று நானாகவே நினைத்துக்கொண்டேன்.

2021 நவம்பர் மழையில் அந்தத் தெருவில் மூன்று நாள் தண்ணீர் நின்றது. அந்த அம்மாவின் வீட்டுப் படியோடு நின்றுவிட்டது, உள்ளே வரவில்லை. மூன்று கண் பாலத்தை நான்கு கண்ணாகக் கட்டியிருந்தால் சீக்கிரம் வடிந்திருக்குமா? கடல் வாங்காதபோது எத்தனை கண் வைத்தும் பயனில்லை. அகலம் கூடினால் உப்புத் தண்ணீர் இன்னும் உள்ளே ஏறவும் கூடும். இதை எனக்கு நானே எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன். சொல்லி முடித்ததும் அந்தக் கட்டைவிரல்தான் கண்முன் வருகிறது. கண் எத்தனை என்பதில் நான் தவறவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், அந்த அம்மா சொன்னதை ஏன் எழுதவில்லை? என் கணக்கு சரியா என்று இன்றைக்குப் பார்க்கவும் வழியில்லை. அந்த மூன்று நாளும் எவ்வளவு ஓடியது என்று யாரும் அளக்கவில்லை.

போன வருஷம் பாலத்தின் பக்கச்சுவரில் நானே அடிக்கணக்கில் கோடு வரைந்து எண் எழுதிவிட்டு வந்தேன். மழை நாளில் படம் எடுத்து அனுப்பும்படி அந்த அம்மாவின் பேரனிடம் கேட்டிருந்தேன். ஐப்பசியில் ஒரு படம் வந்தது. வெங்காயத்தாமரை அடைத்துக் கிடக்க, தண்ணீர் 5ஐத் தொட்டிருந்தது. எடுத்தபோது ஓதம் ஏறிக்கொண்டிருந்ததா, இறங்கிக்கொண்டிருந்ததா என்று கேட்டு அனுப்பியிருக்கிறேன்.