ரோடன்பெரியின் பெட்டிக்குள்

பிப்ரவரி 7

விண்வெளித் தொடர் 'ஸ்டார் ட்ரெக்: த நெக்ஸ்ட் ஜெனரேஷன்' மறுபடி ஓடுகிறது. 1987இல் வந்த முதல் சீசன் பொறுமையைச் சோதிக்கிறது. விண்கப்பலில் யாரும் யாரையும் முறைப்பதில்லை. ஸ்டார் ட்ரெக்கை உருவாக்கிய ஜீன் ரோடன்பெரி போட்ட சட்டம் அது: 24ஆம் நூற்றாண்டு மனிதர்கள் பொறாமை, பேராசையெல்லாம் கடந்தவர்கள், அவர்களுக்குள் சண்டை வராது. வந்தால் வெளியிலிருந்து வரட்டும். சண்டையே இல்லாமல் நாடகம் எழுதச் சொன்னால் என்னதான் செய்வார்கள்? டேவிட் ஜெரால்ட், டி.சி. ஃபான்டானா என்று பழைய ஸ்டார் ட்ரெக் தொடரின் எழுத்தாளர்களே முதல் சீசனோடு விலகிவிட்டார்கள் (சம்பளம், பெயர் போடுவது என்று வேறு தகராறுகளும் இருந்தன).

இத்தனைக்கும் ரோடன்பெரி இரண்டாம் உலகப்போரில் பி-17 குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர், அப்புறம் லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ். உலகம் தெரியாத ஆளில்லை.

பிப்ரவரி 9

மூன்றாவது சீசன். 1989இல் மைக்கேல் பில்லர் எழுத்தாளர் அறைக்குத் தலைமை ஏற்கிறார். சண்டை கூடாது என்ற அந்தச் சட்டத்துக்கு 'ரோடன்பெரியின் பெட்டி' என்று பேர். பெட்டி பில்லருக்குப் பிடித்தும் இருந்தது.

இன்று பார்த்தது 'த பாண்டிங்'. ரொனால்ட் டி. மூர் என்ற இளைஞர் தானாக எழுதிக் கொடுத்துவிட்டுப் போன ஸ்கிரிப்ட். அம்மாவை இழந்த சிறுவன், துக்கம் தாளாமல் ஹோலோடெக்கில் (எதையும் நிஜம்போல உருவாக்கிக் காட்டும் அறை) அவளை மறுபடி உருவாக்குகிறான். ரோடன்பெரி முடியாது என்றுவிட்டார்: அந்தக் காலத்துக் குழந்தைகள் மரணத்தை இயல்பாக ஏற்பார்கள், அழ மாட்டார்கள்.

பில்லர் வாதாடவில்லை. சரி, பையன் அழவில்லை என்றே வைத்துக்கொள்வோம், அதுதான் பிரச்சினை என்றார்! கேப்டன் பிக்கார்ட் செய்தி சொல்லும்போது சிறுவன் ஜெரமி விறைப்பாக நிற்கிறான். பெரியவர்கள்தான் தவிக்கிறார்கள். பிறகு ஒரு வேற்றுக்கிரக சக்தி அம்மாவின் உருவில் வந்து, அவன் பூமியில் வாழ்ந்த வீட்டைப் பூனை உட்பட அறைக்குள் கொண்டுவந்து வைக்கிறது. கடைசியில், அம்மா இறந்த பயணத்துக்குத் தலைமை வகித்த அதிகாரி வோர்ஃப்மீது அவனுக்கு இருந்த கோபம் வெளியே வருகிறது. குழந்தைகளைப் பற்றி ரோடன்பெரி சொன்னது அபத்தம். ஆனால் அந்த அபத்தம் இல்லையென்றால் இது இன்னொரு அழுகைக் கதையாகப் போயிருக்கும்.

பிப்ரவரி 12

'ஃபேமிலி', 1990. இதுவும் மூர். போர்குகளிடம் (பிடித்தவர்களை இயந்திரமாக்கிவிடும் எதிரிகள்) சிக்கி மீண்ட பிக்கார்ட், பிரான்சில் அண்ணனின் திராட்சைத் தோட்டத்துச் சேற்றில் புரண்டு சண்டை போட்டுவிட்டு, உடைந்து அழுகிறார். ரோடன்பெரிக்கு இந்தக் கதை பிடிக்கவேயில்லை. நல்லவேளை, எடுத்தார்கள். இங்கே பெட்டியைக் கொஞ்சம் நெளித்தே ஆக வேண்டும். அத்தனை நடந்த பிறகு அடுத்த வாரமே தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்த மனிதரை யார் நம்புவார்கள்?

பிப்ரவரி 16

ரோடன்பெரி 1991 அக்டோபரில் இறந்தார். 1993இல் பில்லரும் தயாரிப்பாளர் ரிக் பெர்மனும் 'டீப் ஸ்பேஸ் நைன்' என்ற அடுத்த ஸ்டார் ட்ரெக் தொடரைத் தொடங்கினார்கள். பெட்டியை உடைக்கவில்லை, பக்கத்தில் வேறு ஆட்களைக் குடிவைத்தார்கள். பஜோர் கிரகத்துப் போராளி கிரா, மதுக்கடை குவார்க், காவலதிகாரி ஓடோ: யாரும் ஸ்டார்ஃப்ளீட் (பிக்கார்டின் விண்படை) ஆட்கள் இல்லை, அதனால் தாராளமாகச் சண்டை போடலாம். ரொம்பக் கெட்டிக்காரத்தனம்.

மூர் அங்கேயும் எழுதினார். 2003இல் அவர் கையில் வந்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்ற வேறொரு விண்வெளித் தொடரில் கேப்டனும் துணைக்கேப்டனும் விமானிகளும் ஓயாமல் ஒருவரை ஒருவர் கடித்துக் குதறுகிறார்கள். பத்து வருஷம் அடக்கி வைத்ததெல்லாம் போல. அடுத்து அதைத்தான் எடுக்கப்போகிறேன்.