ஒரு கான்ட்ராக்ட் தாமதம்

"இன்னும் ஒரு கான்ட்ராக்ட் போகட்டும் தம்பி" என்றேன். "சரிங்கண்ணா" என்றான். அவ்வளவுதான் பேச்சு. க்ரூ மெஸ்ஸில் சாப்பிட்ட தட்டை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

பயணிகள் சொகுசுக் கப்பல் ஒன்றில் நான் ஹெட் வெயிட்டர், அவன் அசிஸ்டன்ட் வெயிட்டர். அவனுடைய இரண்டாவது கான்ட்ராக்டின் கடைசி வாரம். கான்ட்ராக்ட் முடிந்து கப்பலை விட்டு இறங்கும் சைன் ஆஃபுக்கு முன் எழுதும் எவாலுவேஷனில், வெயிட்டராக உயர்த்தலாம் என்று ஒரு வரி எழுதுவேன் என எதிர்பார்த்திருந்தான். நான் எழுதியது, "தன்னம்பிக்கை போதாது".

காரணம் இல்லாமல் இல்லை. அந்த முறை யு.எஸ்.பி.ஹெச்., அதாவது அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையின் சுகாதாரச் சோதனை வந்தது. சொல்லாமல் கொள்ளாமல் கப்பலேறுவார்கள். 100க்கு 86 வாங்க வேண்டும், 85 என்றால் தோல்வி. பஃபேயில் நேரக் கட்டுப்பாட்டில், அதாவது குளிரிலோ சூட்டிலோ வைக்காமல் நேரத்தை மட்டும் கணக்கிட்டு வைத்திருந்த ஒரு உணவுத் தட்டைக் காட்டி, இதை எப்போது கொட்டுவாய் என்று அதிகாரி அவனைக் கேட்டார். நான்கு மணி நேரம் என்று சரியாகத்தான் சொன்னான். ஆனால் வாயைத் திறக்குமுன் என்னை ஒரு பார்வை பார்த்தான்.

அந்தப் பார்வையைத்தான் எவாலுவேஷனில் எழுதினேன்.

நான் அதிகாரிக்கு இரண்டடி பின்னால் நின்றிருந்தேன். யார்தான் பார்க்க மாட்டார்கள்? போதாததற்கு, "சோதனையில் முந்திக்கொண்டு பேசாதே" என்று அவனுக்குச் சொல்லி வைத்தவனே நான்தான்.

24 மணி நேரத்தில் 10 மணி நேர ஓய்வு என்பது கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கை. அதை இரண்டாகப் பிரிக்கலாம், ஒன்று ஆறு மணி நேரமாவது இருக்க வேண்டும். மிச்சத் துண்டில் நாங்கள் எல்லோரும் கட்டையாய்க் கிடப்போம். அவன் படுக்கையில் உட்கார்ந்து ஒயின் பட்டியலை மனப்பாடம் செய்வான். தன்னம்பிக்கை இல்லாதவன் செய்கிற வேலையா அது?

சரி, நான் எழுதியிருந்தாலும் உடனே கிடைத்திருக்காது. இடம் காலியாக வேண்டும், மேலே இன்னும் இருவர் கையெழுத்துப் போட வேண்டும். அவசரமாக உயர்த்தி, தனி ஸ்டேஷனை, அதாவது தன் பொறுப்பில் விடப்பட்ட மேசைகளைச் சமாளிக்க முடியாமல் மறுபடி அசிஸ்டன்டாக இறங்கியவர்களையும் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் யோசித்துத்தான் எழுதினேன் என்று பல நாள் நம்பினேன். ஆனால் அன்று என் மனதில் ஓடியது வேறு. லீவு முடிந்து அவன் இதே கப்பலுக்குத்தான் திரும்புவதாக இருந்தது. வெயிட்டராக வந்தால் வேறு ஸ்டேஷன். பயணிகள் தரும் மதிப்பெண்ணில் என் பிரிவு முதலிடத்தில் இருந்தது பாதி அவனால். எனக்கும் பதவி உயர்வு பாக்கி இருந்தது.

அடுத்த கான்ட்ராக்டில் அவனை வேறு கப்பலுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே வேறொருவர் கையெழுத்தில் வெயிட்டர் ஆனான். இரண்டு கப்பல்களும் ஒரே துறைமுகத்தில் நின்ற நாளில் தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான். "நீங்க சொன்னதுதாண்ணா சரி. அப்பவே ஆகியிருந்தா திணறியிருப்பேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் அவன் தோளைத் தட்டி, "அதான் அன்னைக்கே சொன்னேன்" என்றேன்.