பொமேரியன் பெட்டை: சினைக் குறிப்பு

யூன் 3, கிளிநொச்சி

இன்று கடுவனோடு சேர்த்தாயிற்று. பெட்டைக்கு இரண்டு வயது, மூன்றாவது பருவம். முதல் பருவத்தில் விடுவது பாவம். உடம்பே இன்னும் முற்றியிருக்காது. கடுவன் பெட்டையைவிடப் பெரிதாக இருக்கக்கூடாது. பின்னங்காலைத் தூக்கிக்கொண்டு இடைக்கிடை மூன்று காலில் தத்துகிற நாய் எவ்வளவு வடிவென்றாலும் வேண்டாம்: முழங்காற் சில்லு விலகுகிற குறை குட்டிக்கும் இறங்கும். ஊருக்குள் எல்லோரும் ஒரே கடுவனைக் கேட்டால், சில வருடத்தில் மகளுக்கும் தகப்பன்தான் வந்து நிற்பான்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி. நடுச்சாமத்தில் வயிற்றைக் கீறித்தான் எடுக்கவேண்டுமென்றால் எந்த வைத்தியர், யாருடைய வாகனம்? யாழ்ப்பாணமோ வவுனியாவோ, ஏ9 வீதி வழியே ஒரு மணித்தியாலத்துக்கு மேல். முல்லைத்தீவுப் பக்கமென்றால் இன்னும் கூட. விடை இல்லாதவர் நாயைச் சேர்க்கவே கூடாது.

யூலை 1

ஸ்கானில் சினை தெரியும். எத்தனை குட்டியென்று நம்பி எண்ண முடியாது. கல்சியம் குளிசை இப்போது கொடுக்கக்கூடாது. வெளியிலிருந்து கிடைத்தால் எலும்பிலிருந்து எடுக்கும் பழக்கத்தை உடம்பு விட்டுவிடும். பால் சுரக்கும்போது அது வினையாகும்.

யூலை 29

எக்ஸ்றே. மூன்று மண்டையோடு. ஒன்றேயென்றால்தான் பயம்: தனிக்குட்டி பெருத்துவிடும், நோவும் ஒழுங்காக வராது. இனி நாளுக்கு மூன்று தரம் தேர்மோமீற்றர். 37.2 பாகைக்குக் கீழே இறங்கினால் பெரும்பாலும் ஒரு நாளுக்குள் ஈனும்.

ஓகஸ்ட் 5

காலை 36.9. இரவு ஈன்றது.

அரை மணித்தியாலம் பலமாக முக்கியும் ஒன்றும் வராவிட்டால், முதற் குட்டிக்கு முன் பச்சையாக நீர் போனால், இன்னும் குட்டி உள்ளே இருக்க இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி விழுந்தால், உடனே வாகனத்தில் ஏற்றவேண்டும். "ஒரு ஊசி போட்டால் வந்திடும்" என்பார்கள். வழி அடைபட்டிருக்க, நோவைக் கூட்டுகிற அந்த ஊசி போட்டால் கருப்பை கிழியும்.

தாய் சவ்வைக் கிழிக்காவிட்டால் நாமே கிழித்து, மூக்கைத் துடைத்து, துவாயால் முதுகைத் தேய்க்கவேண்டும். தலைகீழாகப் பிடித்து வீசக்கூடாது. தொப்புள்கொடியை அவித்த நூலால் கட்டி வெட்டி, அயடின்.

ஓகஸ்ட் 7

பிடரியில் கியூட்டெக்ஸ் பொட்டு வைத்து, சமையல் தராசில் நிறுக்கிறது. சிவப்புப் பொட்டு 118, 114, இன்று 121 கிறாம். முதல் நாள் கொஞ்சம் குறையலாம். இரண்டாம் நாளும் குறைந்தால் பால் போதவில்லை. குளிர்ந்த குட்டிக்கு முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்த வயிற்றில் பால் செமிக்காது. பசுப்பால் இதற்குக் காணாது. மல்லாத்திப் பருக்கினால் நுரையீரலுக்குள் போகும்.

குவிந்து கிடந்து கத்தினால் குளிர். விலகி விலகிப் படுத்தால் வெக்கை. இந்த மாதத்தில் தகரக்கூரைக்குக் கீழே இரண்டாவதுதான் கூட. பெட்டியில் பாதிக்கு மட்டும் பல்ப்.

ஓகஸ்ட் 19

பூச்சி மருந்து, தாய்க்கும் குட்டிகளுக்கும். நிறையைப் பார்த்தே அளவு.

ஓகஸ்ட் 26

தாய்க்கு மூச்சு இளைத்தால், விறைத்து நடந்தால், உடம்பு நடுங்கினால் கல்சியம் இறங்கிவிட்டது. குட்டிகளை உடனே பிரித்து வைத்தியரிடம் ஓடவேண்டும். நரம்பில் மெதுவாக ஏற்றினால் பிழைக்கும். விடியட்டுமென்று இருந்தால் சாகும்.

செப்ரெம்பர் 30

எட்டு வாரம். பார்வோ என்ற வயிற்றோட்ட வைரசுக்கு முதல் தடுப்பூசி போட்டாயிற்று. விசர்நாய் ஊசிக்குரிய நாளை அட்டையில் எழுதிக் கொடுக்கவேண்டும். இந்தச் சின்னச் சாதி சாப்பாடு தவறினால் இரத்தத்தில் சீனி இறங்கிச் சோர்ந்துவிடும்; நாளுக்கு நாலு தரம் சாப்பாடு, பல்முரசில் தேய்க்கக் குளுக்கோஸ் பக்கத்தில். கடுவன்குட்டிகள் இரண்டுக்கும் ஆள் வந்துவிட்டது. பெட்டைக்குட்டிக்கு இன்னும் இல்லை, அது இங்கேயே நிற்கும்.