50 வருஷப் படகுக்கு இன்சூரன்ஸ்: ரெண்டு சர்வேயர்கிட்ட மாட்டின கதை

சகதில நின்னு படகைப் பார்த்த சர்வேயருக்கு (படகைச் சோதிச்சு ரிப்போர்ட் எழுதறவர்) 240 பவுண்டு அழுதவன் நான். பழைய படகு வாங்கி இன்சூரன்ஸ் போடப் போறவங்க யாராவது இதைப் படிச்சா உங்க காசாவது மிஞ்சட்டும்.

நம்மளது வெஸ்டர்லி சென்டார்ங்கற பாய்மரப் படகு, 26 அடி, 1975ல கட்டினது. 1969லேர்ந்து 1980 வரைக்கும் 2,400க்கு மேல இறக்கின மாடல், இங்கிலாந்துல எந்த ஹார்பருக்குப் போனாலும் ஒண்ணாவது கண்ணுல படும். அடில துடுப்பு மாதிரி நீட்டிக்கிட்டு ரெண்டு கீல் இருக்கறதால தண்ணி வடிஞ்சாலும் சாயாம அப்படியே சேத்துல உக்காந்துக்கும். வாங்கினது, பேர் மாத்தினது, தென் இங்கிலாந்து லாங்ஸ்டோன் ஹார்பர்ல மூரிங் (படகைக் கட்டி வைக்கற இடம்) புடிச்சது எல்லாம் ஒரே வாரத்துல முடிஞ்சுது. ஃபுல் கவர் கேட்டப்பதான் ஏழரை ஆரம்பிச்சுது. 25 வருஷத்துக்கு மேல ஆன படகுன்னா கரையில ஏத்தி வச்சு எடுத்த சர்வே ரிப்போர்ட் வேணும்னாங்க.

அந்த "கரையில ஏத்தி வச்சு"ங்கறதை நான் சரியா படிக்கல. முதல் சர்வேயர் போன்லயே "ரெண்டு கீல் படகுக்கு கிரேன் எதுக்கு தண்டமா, லோ டைட்ல, தண்ணி வடிஞ்ச நேரம் வந்து சுத்திப் பார்த்துடறேன்"னாரு, எனக்கும் கிரேன் காசு மிச்சம்னு ஒரே சந்தோஷம். விடிகாலைல லண்டன் டூட்டிங்ல கிளம்பி ஏ3 ரோட்ல ஓட்டிட்டுப் போய் முழங்கால் சேத்துல நின்னா, மனுஷன் ஒரு மணி நேரம் டார்ச் அடிச்சாரு, தண்ணி ஏற ஆரம்பிச்சதும் பூட்ஸைக் கழுவிட்டுக் கிளம்பிட்டாரு. கீலோட அடி பூரா சேத்துக்குள்ள கிடக்கு, அதை அவர் எங்க பார்த்தாரு!

இன்சூரன்ஸ்ல இருந்த அம்மா ரெண்டே வரில திருப்பி அனுப்பிட்டாங்க. கரையில ஏத்திப் பார்க்கல, சர்வேயருக்கு ப்ரொஃபெஷனல் இன்டெம்னிட்டி (அவர் தப்புக்கு நஷ்டஈடு தர்ற இன்சூரன்ஸ்) இல்ல. பிரிட்டன்ல மரைன் சர்வேயர்னு யார் வேணா போர்டு மாட்டிக்கலாம்ங்கறதே எனக்கு அப்பதான் தெரியும். ஒய்டிஎஸ்ஏ, ஐஐஎம்எஸ் மாதிரி சர்வேயர் சங்கத்துல மெம்பரான்னு பாருங்க, அதுக்கும் மேல, ஆளோட பேரைச் சொல்லி "இவர் ரிப்போர்ட் உங்களுக்கு ஓகேவா"ன்னு இன்சூரன்ஸ்கிட்ட மெயில்ல பதில் வாங்கின பிறகு அட்வான்ஸ் கொடுங்க.

ரெண்டாவதா வந்தவர் ஒரு பெரியவர். படகோட நீளத்தை அடிக்கணக்குல பார்த்து மொத்தம் 500 சொச்சம் பவுண்டு, கிரேன் தனி. சர்வேக்கு சில நாள் முன்னாடியே படகைத் தூக்கி காய வைக்கச் சொன்னாரு, அங்கங்க ஆன்டிஃபவுலிங் பெயின்ட்டை (பாசி, சிப்பி ஒட்டாம இருக்க அடிக்கறது) சுரண்டி வைக்கவும் சொன்னாரு, ஏன்னா அதுல இருக்கற செம்பு, ஈரத்தை அளக்கற மாய்ஸ்சர் மீட்டரை ஏமாத்திடுமாம். வந்ததும் ஒரு குட்டி சுத்தியலை எடுத்து, சந்தையில பானை வாங்கற பாட்டி மாதிரி ஹல் (படகோட உடம்பு) பூரா தட்டிட்டே போனாரு. நல்ல இடத்துல கணீர்னு கேக்கும், ஃபைபர்கிளாஸ் அடுக்கு ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம விட்டுப்போன இடத்துல பொத்துன்னு. நம்மளது முழுக்க கணீர்தான், நான் உள்ளுக்குள்ள கும்பிட்டுக்கிட்டேன்.

மாட்டினது, பாத்திரம் கழுவற தொட்டித் தண்ணி வெளிய போற பித்தளை ஃபிட்டிங். கத்தி முனையால லேசா சுரண்டிட்டு "பாருங்க"ன்னாரு. மஞ்சளா இருக்க வேண்டிய இடம் ரோஸ் கலர்ல இருந்துது. பித்தளைன்னா செம்பும் துத்தநாகமும்தானே, உப்புத்தண்ணில துத்தநாகம் கரைஞ்சு போய் வெறும் செம்பு மட்டும் பஞ்சு மாதிரி நிக்குது. இன்னொரு தட்டு தட்டினாரு, ஓரம் பிஸ்கட் மாதிரி உதிர்ந்துது. இதை நம்பி நானும் பொண்ணும் ரெண்டு தடவை கடல்ல போயிருக்கோம்! அன்னிக்கே இப்படி லேசுல அரிக்காத டிஇசட்ஆர் பித்தளைக்கு ஆர்டர் போட்டேன்.

ஆனா நிஜமான தலைவலி ரிப்போர்ட்டோட கடைசிப் பக்கம். மாஸ்ட்டை (பாய்மரக் கம்பம்) புடிக்கற கம்பிகளுக்கு வயசு தெரியல, "மாத்துவது நல்லது"ன்னு எழுதிட்டாரு. இன்சூரன்ஸ்காரங்க பரிந்துரைப் பக்கத்தைத்தான் முதல்ல பார்ப்பாங்க, "நல்லது"ன்னா அவங்க அகராதில "மாத்து, இல்லாட்டி மாஸ்ட்டுக்கு கவர் கிடையாது"ன்னு அர்த்தம். அதனால ஃபைனல் ஆக்கறதுக்கு முன்னாடி டிராஃப்ட் கேட்டு வாங்கிப் பாருங்க. எது உடனே செய்யணும், எது அப்புறமா செஞ்சாப் போதும்னு பிரிச்சு எழுதச் சொல்லுங்க. பொய் எழுதச் சொல்லல, தெளிவா எழுதச் சொல்றேன்.

எனக்கு வந்த அதிர்ஷ்டம், பழைய ஓனர் கொடுத்த பிளாஸ்டிக் ஃபைல். நனைஞ்சு ஒட்டிப்போன காகிதங்களை ஒவ்வொண்ணா பிரிச்சதுல அந்தக் கம்பிகளை மாத்தின ரிக்கரோட (மாஸ்ட், கம்பி வேலை செய்யறவர்) பில் ஒண்ணு வந்துது, மை கலைஞ்சிருந்தாலும் 2018ங்கறது பளிச்சுன்னு தெரியுது. ஸ்கேன் பண்ணி பெரியவருக்கு அனுப்பினேன், மறுநாளே அந்த வரியைத் திருத்திக் கொடுத்தாரு. ஃபிட்டிங் மாத்தின பில்லையும் சேர்த்து அனுப்பினதும் மூணாவது நாள் கவர் வந்துடுச்சு, மாஸ்ட்டும் சேர்த்துத்தான்.

சகதி சர்வேயருக்கு பாதிக் காசாவது திருப்பித் தாங்கன்னு மெயில் போட்டிருக்கேன். ஆறு வாரம் ஆச்சு, மூச்சே இல்ல.