அடைப்பு இல்லாத அட்டாக்கும் இன்சூரன்ஸ் கிளைமும்

அம்மாவுக்கு எடுத்த ஆஞ்சியோவில் இதய ரத்தக்குழாய்களில் அடைப்பு எதுவும் இல்லை என்று டாக்டர் சொன்னதும் எங்களுக்கு உயிர் வந்தது. அதே வரியைக் காட்டி கிளைமை நிறுத்தி வைப்பார்கள் என்று யார் கண்டது!

மாமா இறந்த அன்று இரவே அம்மாவுக்கு நெஞ்சுவலி. ஈசிஜி அசல் ஹார்ட் அட்டாக் மாதிரியே இருந்தது, இதயத்தசை பாதிப்பைக் காட்டும் டிரோபோனினும் ரத்தத்தில் ஏறியிருந்தது. இதயத்தை ஸ்கேன் செய்யும் எக்கோவில்தான் விஷயம் பிடிபட்டது. இடது கீழறையின் நுனி அசையாமல் பலூன் மாதிரி உப்பி நிற்க, மேல்பகுதி மட்டும் மாய்ந்து மாய்ந்து சுருங்கிக்கொண்டிருந்தது. டகோட்சுபோ என்றார்கள். 1990இல் ஜப்பானிய மருத்துவர்கள் முதலில் விவரித்த நோய். பேரதிர்ச்சியில் நரம்பு முனைகளும் அட்ரினல் சுரப்பியும் அட்ரினலின் வகை ஹார்மோன்களை அளவுக்கு மீறிக் கொட்ட, இதயத்தசை திகைத்து நின்றுவிடுகிறதாம். பத்தில் ஒன்பது பேர் பெண்கள், அதுவும் பெரும்பாலும் மாதவிடாய் நின்றவர்கள்.

சிகிச்சையில் ஒரு குறையும் இல்லை. வில்லங்கம் பில்லிங்கில்தான். "பிளாக்கே இல்லையே சார், அப்புறம் எதுக்கு ஐசியூ?" என்றார் இன்சூரன்ஸ் டெஸ்க் ஊழியர், தலையைக்கூட நிமிர்த்தாமல். டியூட்டி டாக்டர் டிஸ்சார்ஜ் சம்மரியில் 'நார்மல் கரோனரீஸ், ஸ்ட்ரெஸ் ரிலேட்டட்' (இதய ரத்தக்குழாய்கள் சரி, அதிர்ச்சியால் வந்தது) என்று மட்டும் கிறுக்கியிருந்தார். ஸ்ட்ரெஸ் என்ற சொல்லைப் பார்த்ததும் இன்சூரன்ஸ்காரர்கள் மனநோய்க் கணக்கில் சேர்த்துவிட்டார்கள். மனநோயாகவே இருந்தாலும் 2017 மனநலச் சட்டப்படி மற்ற நோய்களைப் போலவே இன்சூரன்ஸ் தர வேண்டும். அதைச் சொன்னால் கேட்க ஆளில்லை. வேறு வழியில்லாமல் கையிலிருந்து கட்டிவிட்டு, ரீஇம்பர்ஸ்மென்டுக்குப் போட்டோம்.

இதயநோய் டாக்டரிடம் விளக்கக் கடிதம் வாங்கிப் போனால், சீல் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். திரும்ப ஓபி வரிசை, திரும்ப டோக்கன். ஆனால் அந்தக் கடிதம்தான் காப்பாற்றியது. நோயின் முழுப்பெயர், டிரோபோனின் அளவு, எக்கோவில் குறைந்திருந்த பம்பிங், முதல் சில நாட்களில் இதயம் செயலிழக்கலாம், துடிப்பு தாறுமாறாகலாம், அதனால்தான் ஐசியூ என்று வரிசையாக எழுதியிருந்தார். கையுறை, பஞ்சு வகையறா போக மீதிப் பணம் வந்தது.

ஆகவே சம்மரியைக் கையில் வாங்கியதும் கவுன்டரிலேயே நின்று படியுங்கள். நோயின் பெயரும் ஐசியூ வைத்த காரணமும் இல்லையென்றால் அங்கேயே திருத்தச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்தபிறகு ஒரு வரியைத் திருத்துவது பெரும்பாடு. ஆஞ்சியோ சிடியையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.

சில வாரங்கள் கழித்து எடுத்த எக்கோவில் அம்மாவின் பம்பிங் பழைய நிலைக்கு வந்துவிட்டது. அந்த ரிப்போர்ட்டை இரண்டு நகல் எடுத்து வைத்திருக்கிறேன். பாலிசி மாற்றும்போது கட்டாயம் கேட்பார்கள்.